பியர்லெஸ்: ஈடு இணையற்ற ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'பியர்லெஸ்' (peerless) என்றால் நிகரற்ற, ஈடு இணையற்ற. சொல்லைப் பிரித்தாலே பொருள் கிடைத்துவிடும். 'பியர்' என்றால் சமமானவர். 'லெஸ்' என்றால் இல்லாத.

இந்தப் 'பியர்' நமக்குப் புதியதல்ல. பிள்ளைகள் விஷயத்தில் சொல்கிறோமே, 'பியர் பிரஷர்', அங்கே வரும் அதே சகவயதினர்தான். மூலம், சமம் என்று பொருள்படும் 'பார்' என்ற லத்தீன் சொல். கிரிக்கெட் வர்ணனையில் கேட்கும் 'பார் ஸ்கோர்' கூட அதே வேரில் முளைத்ததுதான்! 1215-இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவும், சுதந்திர மனிதர் ஒருவரைத் தண்டிக்க அவருடைய 'பியர்கள்', அதாவது சமமானவர்கள், அளிக்கும் தீர்ப்போ நாட்டின் சட்டமோ வேண்டும் என்கிறது.

'ஷீ இஸ் எ பியர்லெஸ் டான்சர்' என்றால் நடனத்தில் அவருக்கு நிகர் அவரே. 'ஹிஸ் பியர்லெஸ் மெமரி' என்றும் எழுதலாம். ஆனால் முன்னால் 'வெரி' போடாதீர்கள். இணையே இல்லை என்றான பிறகு அதில் 'ரொம்ப' ஏது?

இது கொஞ்சம் ஏட்டு நடைச் சொல். மதியச் சாப்பாட்டில் ரசம் பிரமாதம் என்று சொல்ல இதை எடுத்தால் சிரிப்பார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி நீங்களே எழுதினால், அதைவிட மோசம்.