கைபேசி அறிவிப்புகளை அடக்கும் வழி

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவரின் சட்டைப்பையில் கைபேசி ஓயாமல் ஒலிப்பது எரிச்சல் மட்டுமன்று, ஆபத்தும்கூட. அடிவாரத்திலேயே ‘தொந்தரவு செய்யாதே’ வசதியை இயக்கி, வீட்டாரின் அழைப்புகளுக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். ஆண்ட்ராய்டில், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் மீண்டும் வரும் அழைப்பை அனுமதிக்கும் தெரிவும் இருப்பதால், அவசரச் செய்தி தவறிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குழுக்களே பெருந்தொல்லை (காலை வணக்கப் படங்களைச் சொல்லவே வேண்டாம்). குழுவின் பெயரைத் தொட்டு ஒலியடக்கத்துக்குச் சென்றால் 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று தெரிவுகள் வரும். நான் ‘எப்போதும்’ என்பதையே தேர்வேன். கடைச் செயலிகளின் தள்ளுபடி அறிவிப்பைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, அங்கேயே நிறுத்திவிடலாம். வங்கியின் பணப்பரிமாற்றத் தகவலை மட்டும் நிறுத்தாதீர்கள்.