லேசர் கேவிட்டி நடுங்குகிறதா? கண்ணாடித் திருகைத் தொடாதீர்கள்

லேசர் வெளிச்சம் ஏறி இறங்க ஆரம்பித்ததும் எல்லோர் கையும் முதலில் போவது கண்ணாடி மவுண்டின் (கண்ணாடியைப் பிடித்திருக்கும் தாங்கி) திருகுக்குத்தான். வேண்டாம். இரண்டே நிமிடத்தில் அலைன்மென்ட் (கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்பது) போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும்.

திறந்த கேவிட்டி (ஒளி போய்வரும், இரு கண்ணாடிகளுக்கு நடுவேயுள்ள இடம்; கண்ணாடி குழாய்க்கு வெளியே இருக்கும்) உள்ள ஹீலியம் நியான் லேசரை வைத்துச் சொல்கிறேன். கண்ணாடிகளுக்கு நடுவே 30 செ.மீ. என்றால், ஒரு கண்ணாடி வெறும் 1 நானோமீட்டர் நகர்ந்தாலே ஒளியின் அதிர்வெண் சுமார் 1.6 மெகாஹெர்ட்ஸ் மாறிவிடும். அதனால் 'தொட்டுப் பார்த்தேன், ஆடவில்லையே' என்பதெல்லாம் இங்கே செல்லாது.

வெளிவரும் ஒளியை போட்டோடயோடில் (ஒளியை மின்சிக்னலாக மாற்றும் உணரி) விழவைத்து, ஆசிலோஸ்கோப்பில் எஃப்எஃப்டி போடுங்கள் (சிக்னலில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்; ஓங்கி நிற்பது சிகரமாகத் தெரியும்). அப்புறம் டயோடுக்கு முன்னால் ஒரு அட்டையை வைத்து ஒளியை மறையுங்கள். அப்போதும் 50, 100 ஹெர்ட்ஸில் சிகரம் நின்றால் அது அதிர்வே இல்லை, டயோடு வயரிங்கிலோ எர்த்திலோ வருகிற இரைச்சல். மறைத்ததும் 100 ஹெர்ட்ஸ் போய்விட்டது என்றால்தான் குழப்பம்: டியூப்லைட்டாக இருக்கலாம், லேசர் பவர் சப்ளையின் ரிப்பிளாக (மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்) இருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலாகவும் இருக்கலாம். விளக்கை அணையுங்கள், டிரான்ஸ்ஃபார்மரை மேசையிலிருந்து தரைக்கு இறக்குங்கள், எதில் குறைகிறது என்று பாருங்கள். 24 ஹெர்ட்ஸ் அருகே சிகரம் இருந்தால் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரைத் தேடுங்கள், பெரும்பாலும் பம்ப் அல்லது ஏசி புளோயர். ஒவ்வொன்றாக அணைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கூர்மையான சிகரமே இல்லாமல் மெதுவாக அலைந்தால் அது காற்று. ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிப் பாருங்கள்.

எதை அணைத்தாலும் போகாத சிகரத்துக்கு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு மவுண்டையும் லேசாகத் தட்டுங்கள் (குழாயின் மின்முனை பக்கம் கை போகவே கூடாது, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும்). எந்த மவுண்டைத் தட்டும்போது அதே சிகரம் விசுக்கென்று எழுகிறதோ அதுதான் ஆள். நான் ஒருமுறை நான்கு நாள் பம்பையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் வெளிக் கண்ணாடியின் போஸ்டை (மவுண்ட் நிற்கும் தூண்) பிடிக்கும் கிளாம்ப் போல்ட் விரலாலேயே சுழன்றது, அதை முடுக்கியது நானேதான்.

போல்ட் சரியாக இருந்தும் ஆடினால் போஸ்டைக் குட்டையாக்குங்கள். உயரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு 8 மடங்கு, விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 16 மடங்கு. காற்றுக்கால் மேசை (காற்றழுத்தக் கால்களில் மிதப்பது) என்றால் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள், தானாக எழும்பவில்லை என்றால் மேசை மிதக்கவில்லை. சுவரில் ஏதாவது முட்டுகிறதா, இறுக்கமான கேபிளோ தண்ணீர்க் குழாயோ இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

சரிசெய்த பிறகு அதே எஃப்எஃப்டியை மறுபடி எடுத்து முந்தையதோடு ஒப்பிடுங்கள். மோட்டாரின் 24 ஹெர்ட்ஸ் அசையாமல் நின்று, மவுண்டின் சிகரம் மட்டும் மேலே நகர்ந்திருந்தால் மவுண்ட் விறைத்துவிட்டது, உலுக்குகிற ஆள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.