நெஞ்செலும்பைத் திறந்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு: வலி, இருமல், எழுந்திருப்பது

பைபாஸோ வால்வு மாற்றமோ முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதயத்தைவிட நெஞ்செலும்புதான் அதிகம் தொல்லை தரும். அதை நெடுக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் பெரும்பாலும் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள், அந்தக் கம்பி உள்ளேயே இருந்துவிடும். எலும்பு ஓரளவு சேர 6 முதல் 8 வாரம், நன்றாக உறுதிப்பட 3 மாதம் வரை ஆகலாம்.

முதல் விஷயம் வலி மாத்திரை. "தாங்க முடியலைன்னா போட்டுக்கலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது நம் வீடுகளில் ஒரு வீரமாகவே நடக்கிறது. வேண்டாம். வலித்தால் மூச்சை மேலோட்டமாக விடுவீர்கள், இருமலை அடக்குவீர்கள், சளி தேங்கும், நிமோனியா வரை போகலாம். எழுதிக் கொடுத்த மாத்திரையை முதல் சில வாரம் நேரப்படி போடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கவே கூடாது, பைபாஸ் ஆனவர்களுக்கு அவை ஆபத்து. பாரசிட்டமால் சளி மாத்திரைகளிலும் இருக்கும், அதனால் இரட்டிப்பாகிவிடாமல் பாருங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரும், முக்கினால் நெஞ்சு பிடுங்கும், எனவே அதற்கும் சேர்த்தே டாக்டரிடம் மருந்து கேட்டுவிடுங்கள்.

இருமும்போது ஒரு தலையணையையோ மடித்த துண்டையோ நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள். தும்மலுக்கும் அதேதான், சிரிப்புக்கும்தான். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து மூச்சுப் பயிற்சி செய்தால் சுலபம். அந்தப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் கருவியைப் பலரும் ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, மெதுவாக உள்ளே உறிஞ்ச வேண்டும்.

படுக்கையில் இருந்து நேராக எழ முயலாதீர்கள். தலையணையை அணைத்தபடி ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்த எடையிலேயே உடம்பு மேலே வரும். உதவி செய்கிறவர் முதுகைத் தாங்கினால் போதும். பாசத்தோடு கையைப் பிடித்து இழுக்க வரும் மாமாக்களை முதலிலேயே தடுத்துவிடுங்கள். நாற்காலியில் இருந்து எழும்போதும் கையை ஊன்றாமல் தொடை பலத்தில் எழ வேண்டும். தரையில் உட்காருவதும் இந்தியன் டாய்லெட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

தூக்குவது 2, 3 கிலோவுக்குள் இருக்கட்டும். குடம், சிலிண்டர், பேரக்குழந்தை எல்லாம் அதைத் தாண்டியவை. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். முழங்கையை உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு சாப்பிடலாம், தலை வாரலாம். பெண்களுக்கு முன்பக்கம் கொக்கி வைத்த மென்மையான பிரா தையல் இழுபடாமல் காக்கும்.

பலர் பயப்படுகிற இரண்டு வலிகள் உண்டு. தோள்பட்டைக்கு நடுவே வரும் முதுகுவலி, நெஞ்சை விரித்து வைத்ததால் வருவது. இடது மார்பில் மரத்துப்போனது போலவோ எரிச்சலாகவோ இருந்தால், பைபாஸுக்காக அங்கிருந்து ரத்தக்குழாய் எடுத்ததால் இருக்கலாம், அது மாதக்கணக்கில்கூட நீடிக்கும்.

இருமும்போது எலும்பு 'டக்' என்று நகர்ந்தாலோ, தையலில் சீழ் வந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மூச்சு திணறினாலோ, ஆபரேஷனுக்கு முன்பு இருந்த மாதிரி நெஞ்சு அழுத்தம் திரும்ப வந்தாலோ போனில் நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள்.