பழைய ஆட்டத்தைப் படிக்கும்போது விடும் பிழைகள்

வலயமட்டப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் பலர் பழைய சதுரங்க ஆட்டம் ஒன்று கையில் கிடைத்ததும் முதல் பத்து நகர்த்தலையும் பாடமாக்கத் தொடங்குகிறார்கள். எதிராளி மூன்றாவதிலேயே வேறொன்றை ஆடிவிட்டால் பாடமாக்கியது உதவாது. ஒவ்வொரு நகர்த்தலும் ஏன் வந்தது என்று தெரிந்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

1858இல் பாரிஸ் ஒப்பரா அரங்கில் அமெரிக்க வீரர் போல் மோர்ஃபி வெள்ளைக் காய்களோடு 17 நகர்த்தலில் வென்ற ஆட்டத்தை எடுங்கள். திறப்பு, அதாவது தொடக்க நகர்த்தல்கள், பிலிடோர் தற்காப்பு (எழுத்தும் எண்ணும் பலகையின் கட்டத்தைக் குறிக்கும்): ஈ4 ஈ5, குதிரை எஃப்3 டீ6, டீ4. இப்போது கறுப்பு, பிஷப்பை ஜீ4இல் வைத்தது. கொப்பியில் "பிழை" என்று மட்டும் எழுதிவிட்டுத் தாண்டக்கூடாது. காயை நகர்த்திப் பார்க்கவேண்டும். வெள்ளை ஈ5இல் வெட்டுகிறது. கறுப்பு சிப்பாயால் திருப்பி வெட்டினால் ராணிகள் டீ8இல் மாறும். பிறகு வெள்ளைக் குதிரை ஈ5 சிப்பாயை எடுத்து, எஃப்7ஐயும் ஜீ4 பிஷப்பையும் ஒன்றாகத் தாக்கும். அதனால்தான் கறுப்பு பிஷப்பைக் கொடுத்து எஃப்3 குதிரையை வெட்டியது. ஜீ4க்குப் பதிலாக டீ4 சிப்பாயை வெட்டியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திராது.

எட்டாவது நகர்த்தலில் பீ7 சிப்பாய் காவலின்றி நின்றது. மோர்ஃபி எடுக்கவில்லை. "கவனிக்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். எடுத்தால் கறுப்பு ராணி பீ4இல் செக் வைத்து ராணிகளை மாற்றிவிடும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடும், தாக்குதல் போய்விடும். அவர் குதிரையை சீ3க்கும், அடுத்து பிஷப்பை ஜீ5க்கும் கொண்டுவந்தார். அந்த இடத்தில் நிறுத்தி எண்ணுங்கள்: வெள்ளைக்கு ராணி உட்பட நான்கு காய்கள் வெளியே, கறுப்புக்கு ராணியும் ஒரு குதிரையும். அந்த ராணியும் ஈ7இல் நின்று தன் பிஷப்பின் வழியை அடைக்கிறது. அந்த பிஷப்பும் அதன் பக்கத்துக் கோட்டையும் கடைசிவரை அசையவேயில்லை!

சொந்த ஆட்டத்தில் விடும் பெரிய பிழை, நகர்த்தல்களை மதிப்பிடும் ஸ்டொக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சினைப் போனில் முதலே திறப்பது. லிச்செஸ் என்ற சதுரங்கச் செயலியில் அது சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் ஆடும்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. கிளிநொச்சியில் போட்டி முடிந்து மல்லாவிக்கோ துணுக்காய்க்கோ பஸ்ஸில் திரும்பும்போதே, நீண்டநேரம் யோசித்த மூன்று இடங்களில் மனதில் ஓடியதை எழுதிவையுங்கள். மறுநாள் பலகையில் கையால் பார்த்தபின் எஞ்சினைத் திறக்கலாம். அது காட்டும் 0.3 சிப்பாய் வித்தியாசத்துக்குத் தலையை உடைக்கவேண்டாம். ஒரு சிப்பாய்க்குமேல் மதிப்பீடு சரியும் இடங்களே போதும்.

தோற்றதும் திறப்பையே மாற்றுவது இன்னொரு பிழை. தெரிந்த வழியிலிருந்து ஆட்டம் எந்த நகர்த்தலில் விலகியதோ, அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் தேடிக் கொப்பியில் சேருங்கள்.