அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் மும்பைத் தமிழருக்கு

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நெடுங்காலம் வாழ்ந்த தமிழருக்குக் கடலின் பருவம் மனத்தில் பதிந்திருக்கும்: ஜூனில் கடல் பொங்கும், மீன்பிடித் தடை வரும், கடலுக்குத் தேங்காய் படைக்கும் நாரளி பௌர்ணமி கழிந்து அக்டோபர் வெயில் சுடத் தொடங்கும்போது அலை தணிந்துவிடும். வட அட்லாண்டிக்கில் இந்தக் கணக்கு தலைகீழ். கோடையில் அடங்கிக் கிடக்கும் அக்கடலில், அக்டோபர் முதல் காற்றழுத்தத் தாழ்வுகள் மேற்கிலிருந்து அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே அந்தப் பருவத்தில் கப்பலேற எண்ணுபவர், பயணச்சீட்டு வாங்கும்போதே தமக்குரிய கடலையும் ஓரளவு தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

முதலில் வழியைப் பாருங்கள். சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க் செல்லும் ஏழு இரவுப் பயணம் மேலைக்காற்றை எதிர்த்தே செல்வது. அலை முகப்பில் மோதுவதால் கப்பல் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும். பார்சலோனா போன்ற துறைமுகங்களிலிருந்து கனாரித் தீவுகள் வழியாகக் கரீபியன் செல்லும் தெற்கு வழியில், நாள்கள் கூடுதல் என்றாலும், தீவுகளைத் தாண்டியபின் வடகிழக்கு வணிகக் காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வீசும். வயிறு இளகியவர்களுக்கு நான் தெற்கு வழியையே சொல்வேன். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வருகிறது. கப்பல்கள் பொதுவாகச் சுற்றிச் செல்லும், ஆனால் எப்போதும் தப்பிவிட முடியாது: 1995 செப்டம்பரில் லூயிஸ் சூறாவளியின்போது குயின் எலிசபெத் 2 கப்பல் ஏறத்தாழ 29 மீட்டர் உயர அலையைச் சந்தித்துவிட்டுத்தான் நியூயார்க் சேர்ந்தது.

அடுத்தது முன்னறிவிப்பைப் படிக்கும் முறை. பலரும் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து அஞ்சுகிறார்கள். அங்கே தரப்படும் உயரம், அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரி. எனவே 4 மீட்டர் என்றால், இடையிடையே அதைப்போல் இருமடங்கு அலையும் எழக்கூடும். ஆனால் பெரிய கப்பலை ஆட்டுவதில் உயரத்துக்கு நிகரான பங்கு, இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கும் உண்டு. ஆழ்கடலில் 6 விநாடி அலையின் நீளம் 56 மீட்டர்தான். 300 மீட்டர் கப்பல் அதை மிதித்துச் சென்றுவிடும். 14 விநாடி அலையோ ஏறத்தாழ 306 மீட்டர் நீளமுடையது. கப்பலையே தூக்கி இறக்கும். அலை பக்கவாட்டில் வந்தால் கப்பல் உருளும், அதைக் கப்பலின் இருபுறமும் நீருக்குள் நீளும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பெருமளவு அடக்கும். முன்பின் ஆட்டத்தை அடக்க அவற்றால் இயலாது.

இதனால்தான் கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுக்க வேண்டும் என்கிறோம். ஏற்றப்பலகையின் நடுவில் அமர்ந்த குழந்தை அசைவதில்லை, முனையில் இருப்பதுதான் பறக்கிறது. உயரத் தளத்தில் பால்கனியோடு வாங்கிய விலையுயர்ந்த அறை, இந்தப் பருவத்தில் துன்பத்தை விலைகொடுத்து வாங்கியதாகிவிடலாம்.

மேல்தளக் காற்று இன்னொரு கணக்கு. கப்பல் 20 நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் செல்ல, எதிர்க்காற்று 25 நாட் என்றால், உங்கள் முகத்தில் அடிப்பது 45 நாட், அதாவது மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர். குடை பயன்படாது, காற்றுப் புகாத மேலங்கியும், காதை மூடும் மஃப்ளரும், வழுக்காத காலணியும் வேண்டும். (பம்பாய்க் குளிருக்கு ஸ்வெட்டர் தேடும் நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.)

தலைச்சுற்றலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பாக இரத்த அழுத்தம், கண் அழுத்தம் (கிளாக்கோமா), புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள். குமட்டல் தொடங்கியபின் விழுங்கினால் அது வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இஞ்சி மொரப்பா சிலருக்கு உதவுகிறது. புத்தகத்தையும் செல்பேசியையும் மூடிவிட்டுத் தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

மாத்திரைக்கான நேரத்தைக் கப்பல் ஊழியர்களே உணர்த்திவிடுவார்கள். நீச்சல் குளத்து நீரை வெளியேற்றி, வெளித்தளக் கதவுகளை அடைத்து, லிஃப்ட் அருகே காகிதப் பைகளைச் செருகத் தொடங்கினால், அப்போதே ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேசைமேல் உள்ள கண்ணாடிப் பொருள்களைத் தரையில் இறக்கி வையுங்கள்.