ஊட்டச்சத்து ஆய்விலிருந்து எம்பிபிஎஸ் வரை: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்களுக்கு

உளவியலிலோ ஊட்டச்சத்திலோ பட்டம் பெற்று, ஓரிரு ஆண்டுகள் ஆய்வுத் திட்டங்களில் களப்பணியும் செய்த பிறகு மருத்துவம் படிக்க விரும்புபவர்கள், அந்தப் பட்டத்துக்கோ வெளியான ஆய்வுக் கட்டுரைக்கோ எம்பிபிஎஸ் சேர்க்கையில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவம் என்பதால், அங்குள்ள மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015 முதல் உளவியலுக்கும் சமூகவியலுக்கும் தனிப் பகுதியே உண்டு. இங்கே பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே நீட் தேர்வைத்தான் எழுத வேண்டும். நானும் அப்படித்தான் எழுதினேன்.

ஆகவே முதல் வேலை, பழைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுப்பது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் அதில் இருக்க வேண்டும். உளவியலுக்கு வணிகவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். விடுபட்ட பாடங்களைப் பிளஸ் டூவுக்குப் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களையும் ஏற்க தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் முடிவு செய்தது என்பதால் அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. உச்ச வயது வரம்பு 2022-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சான்றைப் பழைய பள்ளியில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

மொத்தம் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கு. ஊட்டச்சத்து படித்தவருக்கு அதுவும் வேதியியலும் ஓரளவு கைகொடுக்கும். இயற்பியல்தான் எல்லோருக்கும் வில்லங்கம். அதை முதலில் தொடங்குங்கள், கடைசிக்குத் தள்ளாதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 150 இடங்களோடு 2022 முதலும் இயங்கினாலும், கலந்தாய்வு மாநிலம் முழுவதற்கும் பொது என்பதால் உள்ளூர்க்காரர் என்ற சலுகை கிடையாது.

சேர்ந்த பிறகுதான் பழைய படிப்புக்கு வேலை வருகிறது. பசியும் மனமும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு, 1944-45-இல் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துச் செய்த ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அவர்கள் இளைத்ததோடு நிற்கவில்லை, சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் இது எப்படித் தெரிகிறது என்பதற்கு என் களக்குறிப்பிலிருந்து ஒன்று. பென்னாகரம் பக்கத்தில், ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் முந்தைய நாள் காலை முதல் இரவு வரை என்ன சாப்பிட்டார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் கூழ், மதியம் ராகிக் களியும் கீரைக் கடைசலும், இரவு மிச்சமிருந்த களி என்றார். களி உருண்டை எவ்வளவு பெரியது என்று கையால் காட்டச் சொல்லி எழுதினேன். இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் போடுவதாகச் சொன்னார். எழுந்திருக்கும்போது, "எதோட போடுவீங்க அக்கா?" என்றேன். "டீயோடதாம்மா, அப்பத்தான் நாத்தம் தெரியாது" என்றார். டீயிலுள்ள டானின் என்ற பொருள் இரும்பைக் குடலில் சரியாகச் சேரவிடாது. ஒரு நாளைக்கு நான்கு டீ குடித்திருந்தவர் ஒன்றைக்கூடச் சாப்பாட்டுக் கணக்கில் சொல்லவில்லை, ஏனென்றால் டீயை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வதற்கு, இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் திறனை மங்கவிடாமல் வைத்திருக்க, எம்பிபிஎஸ் மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டத்தைச் சடங்காக முடிக்காமல் பயன்படுத்துங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். இம்மாவட்டங்களில் தலைப்புக்குப் பஞ்சமில்லை. நிலத்தடி நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஊர்கள் இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. குழாய் வந்த பிறகும் எந்த வீட்டில் சமையலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடிக்கிறார்கள் என்பது கேட்டால் மட்டுமே தெரியும்.

அடங்க வேண்டிய இடமும் உண்டு. சோர்வாக இருக்கிறார் என்றவுடன் மனச்சோர்வு என்று எழுதிவிடாதீர்கள்; தைராய்டு குறைபாடும், பி12 குறைபாடும், ரத்தசோகையும் அதே முகத்தோடு வரும், மனச்சோர்வை அளக்கும் வினாப்பட்டியலின் மதிப்பெண் சந்தேகத்தை எழுப்புமே தவிர நோயைத் தீர்மானிக்காது. மூன்றாம் ஆண்டில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் நான் இருபது நிமிடம் உணவு வரலாறு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதலில் நோயாளி எதற்காக வந்தாரோ அதைக் கேளுங்கள். பிறகு, கேஸ் ஷீட்டில் எல்லா மாணவர்களும் 'கலப்பு உணவு, பசி இயல்பு, தூக்கம் இயல்பு' என்று ஒரே வரியில் கடந்துபோகும் இடத்துக்கு வரும்போது, நீங்கள் மட்டும் மூன்று வரி எழுதுங்கள்: நேற்று என்ன சாப்பிட்டார், எந்தத் தண்ணீர், இரவு எத்தனை மணிக்கு விழித்துக்கொண்டார்.