வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு உலக வரலாற்றுப் புத்தகம் வாங்கும் முன்

மகள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டாள். கணக்குக்கும் அறிவியலுக்கும் புத்தகம் எடுக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. உலக வரலாற்றுக்கு எட்டு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் முழுக்க என் தப்பு. ஏன் ஹோம்ஸ்கூலிங் என்று கேட்பவர்களுக்குப் பழைய பதிவில் பதில் இருக்கிறது. இங்கே புத்தகம் மட்டும்.

படி 1: எந்தத் தேர்வு?

என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்பு என்றால் வேலை சுலபம். சமூக அறிவியல் (213) பாடநூலிலேயே பண்டைய உலகம், இடைக்கால உலகம், நவீன உலகம் எல்லாம் உண்டு. அவர்கள் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நேராகப் படி 4-க்குப் போங்கள். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்புக்கு இணையான பன்னாட்டுத் தேர்வு) எழுதப் போகிறவர்கள் மட்டும் அடுத்ததை இரண்டு முறை படியுங்கள்.

படி 2: பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறங்கள்

நான் செய்தது இதற்கு நேர்மாறு. கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்தில் ஒன்று கிடைத்தது. அட்டையில் 'ஐஜிசிஎஸ்இ வரலாறு' என்று இருந்தது, விலையும் படிந்தது. முதல் பக்கத்தில் ஆரம்பித்தோம். ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா என்று ஐந்து மாதம் ஓடியது. அப்புறம்தான் பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்தேன். இந்த நாடுகளெல்லாம் 'ஆழ்ந்த ஆய்வு' என்ற பகுதியில் வருபவை. பிள்ளை அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படித்தால் போதும்! "அப்போ ஸ்டாலினோட ஐந்தாண்டுத் திட்டத்தை எதுக்கும்மா மனப்பாடம் பண்ணேன்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு அது பழைய பாடத்திட்டத்துக்கு அச்சிட்ட பதிப்பு.

எனவே, கேம்பிரிட்ஜ் தளத்தில் வரலாறு (பாடக் குறியீடு 0470) பாடத்திட்டத்தை இறக்குங்கள். பிள்ளை தேர்வு எழுதப்போகும் ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும், இந்த ஆண்டுக்கானது அல்ல. 2024 முதல் 2026 வரை ஒரு பாடத்திட்டம், 2027-க்கு வேறு. மையப் பகுதிக்கு 19-ஆம் நூற்றாண்டா, 20-ஆம் நூற்றாண்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஆழ்ந்த ஆய்வுக்கு ஒன்று. புத்தகத்தின் பொருளடக்கத்தில் வேண்டியதற்குப் பென்சிலால் டிக் போடுங்கள். 500 பக்கப் புத்தகம் கண்ணெதிரே இளைக்கும்.

படி 3: வெர்சாய் சோதனை

கையில் இரண்டு மூன்று புத்தகம் இருந்தால், எல்லாவற்றிலும் ஒரே நிகழ்வை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது, முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியோடு 1919 ஜூன் 28-இல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம். ஒரு புத்தகம் ஜெர்மனியின் படை ஒரு லட்சம் பேர் என்று குறைக்கப்பட்டதையும், போருக்கான பொறுப்பைச் சுமத்திய 231-ஆம் பிரிவையும் பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. இன்னொன்று அதே பட்டியலுக்குக் கீழே அந்தக் காலத்துக் கார்ட்டூன் ஒன்றைப் போட்டு, 'இதை வரைந்தவர் யார் பக்கம்?' என்று கேட்டது. அவள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இரண்டாம் தாள் முழுக்க இப்படிச் சான்றுகளை எடைபோடும் வேலைதான் என்பதால் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. வழவழ தாளும் வண்ணப்படமும் பார்த்து மயங்காதீர்கள்.

(இடையில் ஒன்று: அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் கையெழுத்திட்டது. இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர்களில் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும் ஒருவர். நான் புரட்டியவற்றில் இதைச் சொன்ன புத்தகம் ஒன்றுகூட இல்லை. 1914 செப்டம்பர் 22-இல் சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலையும் நாமேதான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

படி 4: சொல்லடைவில் ஹைட்டியைத் தேடுங்கள்

தேர்வுப் புத்தகம் மட்டும் படித்தால் உலகம் என்பது ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான் என்று ஆகிவிடும். துணைக்கு ஒன்று வேண்டும். எதையும் வாங்குமுன் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைப் பாருங்கள். நான் தேடுவது இரண்டு: 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-இல் விடுதலை பெற்ற ஹைட்டி, 1943 வங்கப் பஞ்சம். பிரெஞ்சுப் புரட்சிக்கு நாற்பது பக்கம் ஒதுக்கி, அதே பிரான்சின் காலனியில் நடந்ததற்கு ஒரு வரி இல்லாத புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

இலவசம் என்றால் ஓப்பன்ஸ்டாக்ஸ் (இணையத்தில் இலவசப் பாடநூல் தரும் தளம்) உலக வரலாறு, இரண்டு தொகுதி. முதலாவது 1500 வரை, இரண்டாவது 1400-இலிருந்து. கல்லூரி முதலாண்டு தரம். ஒன்பதாம் வகுப்புக்குக் கொஞ்சம் கனம்தான். திரையில் படிக்க வைக்காதீர்கள். வேண்டிய அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஸ்பைரல் போடுங்கள்.

படி 5: தமிழ்நாடு பாடநூல்

இதை ஏளனமாக நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் புரட்சிகளின் காலமும் தொழிற்புரட்சியும், பத்தில் இரு உலகப்போர்களும் அளவாக இருக்கின்றன. தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் பிடிஎஃப் கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஏகாதிபத்தியம், சர்வாதிகாரம், இழப்பீடு எல்லாவற்றுக்கும் அகராதி தேட வேண்டாம். தாத்தாவோடு உட்கார்ந்து பேசவும் முடிகிறது.

பின்சேர்க்கை

ஒருவர் கேட்டிருந்தார்: ஐஜிசிஎஸ்இ வரலாற்றில் கோர்ஸ்வொர்க் (பள்ளியிலேயே எழுதி மதிப்பெண் வாங்கும் பணி) உண்டே, அதற்கு வழிகாட்டி வாங்கலாமா? பள்ளி வழியாக இல்லாமல் தனித்தேர்வராக எழுதுபவர்களுக்குக் கோர்ஸ்வொர்க் கிடையாது, அதற்குப் பதில் நான்காம் தாள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இன்னொருவர், புத்தகம் எல்லாம் வாங்கி முடித்தபின் பக்கத்துத் தேர்வு மையம் வரலாறு நடத்துவதில்லை என்று தெரிந்ததாக எழுதியிருந்தார். நியாயமாக இது படி 1-இல் வந்திருக்க வேண்டும். தனித்தேர்வர்களை ஏற்பார்களா, 0470 நடத்துகிறார்களா என்று மையத்தில் போன் போட்டுக் கேட்டுவிட்டு உக்கடத்துக்குப் பஸ் ஏறுங்கள்.